விலையேற்றமும் சரக்குத் தட்டுப்பாடும்: கட்டுமானம், குழாய் வேலை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு கட்டுவோர், சிறு ஒப்பந்தக்காரர்கள், மேஸ்திரிகள், பிளம்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சந்தை விலை நம் கையில் இல்லை. எவ்வளவு வாங்குகிறோம், எப்போது வாங்குகிறோம், கிடைக்காத பொருளுக்கு எதை மாற்றாகப் போடுகிறோம் ஆகிய மூன்றும் நம் கையில் உள்ளவை. பெரும்பாலான நஷ்டம் இந்த மூன்றில்தான் நடக்கிறது. அதனால் பதில்களும் அதையே சுற்றி வரும்.

எல்லாப் பொருளும் ஒன்றாக ஏறுவதில்லையே, ஏன்?

ஒவ்வொரு பொருளுக்கும் வேர் வேறு. சிமென்ட் சூளை ஏறத்தாழ 1,450 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓடுவது. எரிபொருள் ஏறினால் சிமென்ட் உடனே ஏறும். எடை அதிகம் என்பதால் வெகுதூரம் கொண்டுபோய் விற்கக் கட்டுப்படியாகாது. அருகிலுள்ள ஆலை நின்றாலே அந்த வட்டாரத்தில் தட்டுப்பாடு வந்துவிடும். கம்பி விலை இரும்புத்தாது, பழைய இரும்பு, நிலக்கரி, மின்சாரம் ஆகியவற்றோடு நகரும். குழாய்க்கான பிவிசி பிளாஸ்டிக் எத்திலீனும் குளோரினும் சேர்ந்து உருவாவது. எத்திலீன் கச்சா எண்ணெயிலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் வருகிறது. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தைக் கடும் குளிர் தாக்கி அங்குள்ள பிசின் (பிளாஸ்டிக் மூலப்பொருள்) ஆலைகள் நின்றபோது, உலகச் சந்தையில் பிவிசி தட்டுப்பட்டது அதனால்தான். அடுத்த மாதமே ஒரு சரக்குக் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் வழியை அடைத்ததால் சரக்கு வந்துசேர்வதும் தாமதமானது. செம்பு வேறு கதை: சுரங்க உற்பத்தியில் முதலிடம் சிலி நாட்டுக்கு. அங்கே வேலைநிறுத்தம் என்றால் செம்புக் குழாய் விலையில் தெரியும்.

ஆகவே "சரக்கு விலை ஏறப்போகிறது" என்று பொதுவாகச் சொல்லும் பேச்சை வைத்து எதையும் வாங்காதீர்கள். எந்தச் சரக்கு, எதனால் என்று கேளுங்கள்.

கொட்டேஷன் கேட்பதற்கு முன் செய்யவேண்டியது என்ன?

பொருள் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு எண் எழுதுங்கள். ஒன்று, மொத்தச் செலவில் அதன் பங்கு. மற்றொன்று, ஆர்டர் போட்ட நாளிலிருந்து தளத்துக்கு வந்துசேர ஆகும் நாள். பங்கும் பெரிது, நாளும் அதிகம் என்றால் அது முதல் வாரத்திலேயே முடிவாக வேண்டிய பொருள்: கம்பி, ஜன்னல், லிஃப்ட், வாட்டர் ஹீட்டர் போன்றவை. பங்கு சிறிது, ஆனால் நாள் அதிகம் என்று ஒரு வகை உண்டு. இதுதான் ஆளைக் கவிழ்க்கும். சுவருக்குள் போகும் டைவர்ட்டர் (நீரை ஷவருக்கும் குழாய்க்கும் திருப்பும் வால்வு) உடல், குறிப்பிட்ட அளவு ரெடியூசர் (பெரிய குழாயைச் சிறியதோடு சேர்ப்பது), பித்தளைத் திருகு பதித்த சிபிவிசி (வெந்நீர் தாங்கும் பிவிசி வகை) அடாப்டர் ஆகியவற்றின் விலை மொத்தத்தில் கண்ணுக்கே தெரியாது. அவை வராவிட்டால் டைல் வேலை நிற்கும், டைல் நின்றால் கதவு, பெயின்ட் எல்லாம் நிற்கும்.

விலை ஏறுமுன் எல்லாவற்றையும் வாங்கி அடுக்கிவிடலாமா?

பொருளைப் பொறுத்தது. கம்பியை வாங்கி வைக்கலாம். தரையில் படாமல் கட்டைமேல் அடுக்கி, மழை படாமல் மூட வேண்டும். மேலோட்டமான செந்துரு கேடில்லை. செதிலாகப் பெயரும் துரு கேடு. அப்படிப் பெயர்ந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்து, ஒரு மீட்டர் வெட்டி எடை போட்டுப் பாருங்கள்.

சிமென்ட்டை அப்படி வைக்கக்கூடாது. காற்றிலுள்ள ஈரமே போதும் அது கெட. மூன்று மாதம் கிடந்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வலு போய்விடும். ஈரமான இடத்தில் இன்னும் வேகமாகப் போகும். வைத்தே தீர வேண்டுமானால், தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் பலகை, சுவரிலிருந்து 30 செ.மீ.க்குக் குறையாத இடைவெளி, பத்து மூட்டைக்கு மேல் அடுக்காமை, முதலில் வந்ததை முதலில் எடுத்தல் ஆகிய நான்கையும் கடைப்பிடியுங்கள். விரலால் நசுக்கி உடையாத கட்டி இருந்தால் அந்த மூட்டை கான்கிரீட்டுக்கு ஆகாது.

பிளாஸ்டிக் குழாயை வாங்கி வைக்கலாம், ஆனால் வெயில் படக்கூடாது. மீட்டருக்கு ஒரு தாங்கு வைத்து, 1.5 மீட்டர் உயரத்துக்கு மேல் அடுக்காமல், முனைகளை மூடி வையுங்கள். சிபிவிசி குழாயை லாரியிலிருந்து வீசினால் முனையில் மயிரிழை விரிசல் விழும். அது எளிதில் கண்ணுக்குத் தெரியாது, அழுத்தம் ஏற்றும் நாளில் தெரியும். பயன்படுத்துமுன் ஒவ்வொரு முனையையும் பார்த்து, சந்தேகமானால் விரிசலுக்கு அப்பால் 5 செ.மீ. தள்ளி வெட்டுங்கள்.

சால்வென்ட் சிமென்ட்டை (பிளாஸ்டிக் குழாய் ஒட்டும் பசை) மொத்தமாக வாங்கவே வேண்டாம். டப்பாவில் தேதி இருக்கும். கூழாக உறைந்ததைத் தின்னர் ஊற்றி இளக்கிப் பூசுவது கசிவுக்கு நேர்வழி.

டைல் மட்டும் விதிவிலக்கு: முழுவதையும் ஒரே தொகுதி எண்ணில் ஒரே தடவையாக வாங்கிவிடுங்கள். நேராகப் பதிக்க 5 முதல் 10 சதவீதம் கூடுதல், சாய்வாகப் பதிக்க 15 வரை. பிறகு வாங்கும் பெட்டி நிறத்திலும் அளவிலும் சற்று மாறியே வரும்.

சிமென்ட் கையிருப்பு எவ்வளவு வைத்துக்கொள்வது?

ஒரு நாள் செலவை, சரக்கு வந்துசேரும் நாளோடு தாமதத்துக்கான நாளையும் கூட்டிப் பெருக்குங்கள். நாளுக்கு 20 மூட்டை ஓடுகிறது, ஆர்டர் போட்டால் 3 நாளில் வரும், இப்போதைய நிலையில் 4 நாள் தாமதமும் சாத்தியம் என்றால் 20 × 7 = 140 மூட்டை. கையிருப்பு 140-ஐத் தொட்ட அன்றே அடுத்த ஆர்டர். 60 ஆகட்டும் என்று காத்திருந்தால் ஆள் கூலி நின்றபடியே ஓடும். கான்கிரீட் போடும் நாளுக்குத் தேவையானது இந்தக் கணக்கில் சேராது. அது முழுவதும் முந்தைய நாளே தளத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் ஸ்லாபைப் பாதியில் நிறுத்தினால் நிறுத்திய இடம் பலவீனமான இணைப்பாகிவிடும்.

கம்பியில் உண்மையாகவே எவ்வளவு மிச்சம் பிடிக்க முடியும்?

கடையில் பேரம் பேசிக் குறைப்பதைவிட வெட்டும் பட்டியலில் அதிகம் மிஞ்சும். ஓர் எடுத்துக்காட்டு. 12 மி.மீ. கம்பியில் 4.9 மீட்டர் துண்டு 20, 3.5 மீட்டர் துண்டு 40 வேண்டும். கம்பி 12 மீட்டர் நீளம். கம்பி கட்டுபவர் ஒவ்வொரு அளவையும் தனியாக வெட்டினால், 4.9-க்கு ஒரு கம்பியில் இரண்டு வீதம் 10 கம்பி, 3.5-க்கு ஒரு கம்பியில் மூன்று வீதம் 14 கம்பி, ஆக 24 போகும். அதையே ஒரு 4.9, இரண்டு 3.5 என்று சேர்த்து வெட்டினால் 11.9 மீட்டர், 20 கம்பியில் வேலை முடிந்தது. நான்கு கம்பி, சுமார் 43 கிலோ மிச்சம். செலவு என்பது ஒரு தாளும் அரைமணி நேரமும்தான்.

எடைக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததே: விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, அதன் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு இத்தனை கிலோ. 8 மி.மீ.க்கு 0.395, 10-க்கு 0.617, 12-க்கு 0.888, 16-க்கு 1.58, 20-க்கு 2.47.

ரிங் (நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) வெட்டும்போது வளைவில் கம்பி நீளும் அளவைக் கழிக்க வேண்டும். கழிக்காமல் வெட்டினால் 8 மி.மீ. ரிங் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 9 செ.மீ. வீண். 500 ரிங்குக்கு 45 மீட்டர், கிட்டத்தட்ட 18 கிலோ. துண்டுக் கம்பிகளைத் தூக்கி எறியவும் வேண்டாம்: மேல்வலையைத் தாங்கும் நாற்காலி, திறப்பின் மூலையில் குறுக்குக் கம்பி, சிறு லிண்டல் என்று போட இடம் இருக்கிறது. அவற்றையும் பட்டியலில் எழுதிவிட்டால் புதுக் கம்பி வெட்டப்படாது.

வரைபடத்தில் 12 மி.மீ. கம்பி, கடையில் 10-ம் 16-ம் மட்டுமே. மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் பரப்பளவைக் கணக்கிட்டு, வடிவமைத்த பொறியாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு மட்டும். 12 மி.மீ. கம்பியின் பரப்பு 113 சதுர மி.மீ. அதை 150 மி.மீ. இடைவெளியில் போட்டால் மீட்டர் அகலத்துக்கு 753 சதுர மி.மீ. வரும். 10 மி.மீ. கம்பியின் பரப்பு 78.5. அதை 100 மி.மீ. இடைவெளியில் போட்டால் 785. போதும், எடை சுமார் 4 சதவீதம் கூடும். பழைய 150 இடைவெளியிலேயே 10 மி.மீ. போட்டுவிட்டால் சுமார் 30 சதவீத இரும்பு குறைந்துவிட்டது என்று பொருள்.

16 மி.மீ. கம்பியை 250 இடைவெளியில் போட்டால் 804 வரும், எண்ணிக்கையும் குறையும் என்று சிலருக்கு ஆசை. 125 மி.மீ. ஸ்லாபில் அது சரிவராது. ஸ்லாப் கனத்தில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாத விட்டம் என்பது வழக்கமான வரம்பு. இடைவெளி அகன்றால் விரிசலும் அகலும், லேப் நீளமும் (இரண்டு கம்பி சேருமிடத்தில் ஒன்றையொன்று தாண்டிப் படியும் நீளம்) விட்டத்தோடு சேர்ந்து ஏறும்.

தூணில் இன்னும் கவனம் தேவை. நான்கு 20 மி.மீ. கம்பிக்கு 1,256 சதுர மி.மீ. ஆறு 16 மி.மீ. கம்பி 1,206 மட்டுமே, குறைகிறது. ஏழு போட்டால் சமச்சீர் இல்லை. எட்டுதான் போட வேண்டும். கம்பி சிறுத்ததால் ரிங் இடைவெளியையும் மறுபடி பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்த வரம்பு தூணின் மிகச் சிறிய நெடுங்கம்பியின் விட்டத்தை வைத்துத்தான் வருகிறது.

கிரேடும் (கம்பியின் வலுத் தரம்) மாறினால் கணக்கு வேறு. 500 மெகாபாஸ்கல் கம்பிக்குப் பதில் 420 போட்டால் 19 சதவீதம் அதிகப் பரப்பு வேண்டும். இரண்டு கிரேடையும் ஒரே தளத்தில் கலந்து அடுக்காதீர்கள்.

மணல் லோடு கணக்கில் எப்போதும் குறைகிறதே?

பெரும்பாலும் ஈரம்தான் காரணம். 5, 6 சதவீத ஈரமுள்ள மணல் உப்பி, கன அளவில் 20 முதல் 30 சதவீதம் கூடிக் காட்டும். பொடி மணலில் இன்னும் அதிகம். நேரான கண்ணாடி உருளையில் 200 மி.லி. குறிவரை ஈரமணலைத் தளர்வாகப் போடுங்கள். பிறகு நீர் ஊற்றிக் குலுக்கி அமைய விடுங்கள். மணல் 160-க்கு இறங்கினால், 40-ஐ 160-ஆல் வகுக்க, உப்பல் 25 சதவீதம். 10 கன மீட்டர் லோடு என்று வாங்கியது உண்மையில் 8.

இதில் இரண்டாவது நஷ்டமும் ஒளிந்திருக்கிறது. பெட்டிக் கணக்கில் சிமென்ட்டும் மணலும் 1:4 கலப்பவர், இந்த மணலில் உண்மையில் 1:3.2 கலக்கிறார். அதே மணலுக்கு 25 சதவீதம் அதிக சிமென்ட் போகிறது. உப்பலை அளந்து பெட்டியைத் திருத்துங்கள், அல்லது எடையில் வாங்கி எடையில் கலக்குங்கள்.

தட்டுப்பாட்டுக் காலத்தில் மண் கலந்த மணலும் வரும். அதே உருளையில் நீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் குலுக்கி மூன்று மணி நேரம் வையுங்கள். மேலே படியும் வண்டல், மணல் உயரத்தில் 8 சதவீதத்தைத் தாண்டினால் லோடைத் திருப்பி அனுப்புங்கள்.

பூச்சு வேலையில் சிமென்ட் கணக்கைத் தாண்டுவது ஏன்?

சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக இல்லாததால். 100 சதுர மீட்டர் சுவரில் 12 மி.மீ. பூச்சு 18 ஆனால், கூடுதல் கலவை 0.6 கன மீட்டர். 1:4 கலவையில் இது சுமார் 225 கிலோ சிமென்ட், அதாவது 50 கிலோ மூட்டையில் நாலரை. செங்கல் கட்டும்போது ஒவ்வொரு மீட்டர் உயரத்திலும் குண்டு பிடித்துப் பார்க்கும் கொத்தனார்தான் பூச்சுச் செலவைக் குறைப்பவர்.

கான்கிரீட்டில் சிமென்ட்டைக் குறைக்க வழி உண்டா?

விகிதத்தை மட்டும் குறைத்தால் கட்டடத்தின் வலுவைத்தான் குறைக்கிறீர்கள். 1:1.5:3 கலவையில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 8 மூட்டை சிமென்ட், 0.42 கன மீட்டர் மணல், 0.84 கன மீட்டர் ஜல்லி போகும். இதிலிருந்து சிமென்ட்டை முறையாகக் குறைக்க இரண்டு வழி உண்டு.

ஒன்று, ஆய்வகத்தில் கலவை வடிவமைப்புச் செய்து, நீர்குறைப்பான் சேர்ப்பது. சாதாரண நீர்குறைப்பான் 5 முதல் 10 சதவீதம், சூப்பர் பிளாஸ்டிசைசர் 15 முதல் 30 சதவீதம் வரை நீரைக் குறைக்கும். நீர் குறைந்தால் அதே வலுவுக்குக் குறைந்த சிமென்ட் போதும். மற்றொன்று, நிலக்கரிச் சாம்பல் அல்லது இரும்பு உலைக் கசடு கலந்த சிமென்ட்டுக்கு மாறுவது. அதில் தொடக்க வலு மெதுவாக ஏறும். முட்டு பிரிக்கும் நாளைத் தள்ளி, குறைந்தது 10 நாள் நீராற்ற வேண்டும். சென்ட்ரிங் (பலகை, முட்டு) வாடகை எத்தனை நாள் கூடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தபிறகே இது மலிவா என்று முடிவு செய்யுங்கள்.

எப்படியானாலும் தளத்தில் நீரை அளந்து ஊற்றுங்கள். மூட்டைக்கு 25 லிட்டர் என்பதை 30 ஆக்கினால் நீர்-சிமென்ட் விகிதம் 0.5-லிருந்து 0.6 ஆகும். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வலு போய்விடும். காசு கொடுத்து வாங்கிய சிமென்ட் இப்படித்தான் வீணாகிறது.

வெந்நீருக்குச் செம்புக் குழாய் போட நினைத்தோம். விலையும் கட்டவில்லை, சரக்கும் இல்லை. மாற்று என்ன?

சிபிவிசி, பிபிஆர், பெக்ஸ் ஆகிய மூன்று பிளாஸ்டிக் குழாய்களும் வெந்நீருக்கு ஆகும். சாதாரண பிவிசி, யுபிவிசி ஆகவே ஆகாது. அதன் மேல்வரம்பு 60 டிகிரி. அந்தச் சூட்டைத் தொடுமுன்பே, 43 டிகிரியில் அழுத்தம் தாங்கும் திறன் பாதியாகிவிடும். சிபிவிசி 93 டிகிரி வரை தாங்கும்.

மாற்றும்போது மூன்று விஷயம் தவறுகிறது.

முதலாவது, உள்விட்டம். 22 மி.மீ. செம்புக் குழாயின் சுவர் 0.9 மி.மீ., உள்விட்டம் 20.2. கடைக்காரர் கொடுக்கும் 25 மி.மீ. பிபிஆர் வெந்நீர்க் குழாயின் சுவர் 4.2 மி.மீ. என்பதால் உள்விட்டம் 16.6 மட்டுமே. வெளியே பெரிதாகத் தெரிந்தாலும் நீர் ஓடும் பரப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவு. அந்த இடத்துக்கு 32 மி.மீ. பிபிஆர்தான் பொருந்தும், அதன் உள்விட்டம் 21.2. குழாயை வெளிவிட்டத்தை வைத்து ஒப்பிடும் பழக்கத்தை விட்டுவிட்டால் "ஷவரில் தண்ணீர் வரவில்லை" என்ற புகாரில் பாதி வராது.

இரண்டாவது, நீட்சி. 10 மீட்டர் குழாய் 40 டிகிரி சூடேறினால் செம்பு சுமார் 7 மி.மீ. நீளும், சிபிவிசி 26 மி.மீ. அளவுக்கு, பிபிஆர் 60 மி.மீ. செம்புக்குப் போட்ட அதே கிளாம்பை இறுக்கிப் பிடித்து பிபிஆர் போட்டால் குழாய் வில்லாக வளையும், எல்போவில் விசை ஏறும். நேர் ஓட்டத்தில் வளையம் அல்லது இடமாற்று வளைவு விட்டு, ஓரிடத்தில் மட்டும் இறுக்கிப் பிடித்து, மற்றக் கிளாம்புகளில் குழாய் நழுவ விடுங்கள்.

மூன்றாவது, முனை. எந்தப் பிளாஸ்டிக் குழாயையும் வாட்டர் ஹீட்டரின் வாயில் நேரடியாக மாட்டாதீர்கள். குறைந்தது 45 செ.மீ. உலோகக் குழாய் அல்லது வளையும் உலோக இணைப்பு இடையில் வேண்டும். பெக்ஸ் குழாயை வெயிலில் விடக்கூடாது. சில மாதத்திலேயே சிதையத் தொடங்கும்.

ஒரு நிறுவனத்தின் ஃபிட்டிங்ஸ் கிடைக்கவில்லை. வேறு நிறுவனத்துடையதைப் போடலாமா?

ஒரே தரநிலை எண், ஒரே அளவுமுறை என்றால் போடலாம். அளவுமுறை என்பதில்தான் ஏமாறுகிறார்கள். அரை அங்குலம் என்று பெயருள்ள குழாய், செம்புக் குழாய் அளவுமுறையில் 15.9 மி.மீ. வெளிவிட்டம் கொண்டது, இரும்புக் குழாய் அளவுமுறையில் 21.3. மெட்ரிக் முறையில் 20 மி.மீ. என்று இன்னொன்று. 20-ம் 21.3-ம் கையில் ஒன்றுபோல இருக்கும். சால்வென்ட்டை அதிகமாகப் பூசி அழுத்தினால் நின்றுவிட்டதுபோலவும் தோன்றும். அது ஒட்டு அல்ல, கசியக் காத்திருக்கும் இடைவெளி.

பசை இல்லாமல் குழாயை ஃபிட்டிங்கில் செருகிப் பாருங்கள். ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்குக்குள் பிடித்து நிற்க வேண்டும். தொங்கி ஆடினால் வேண்டாம், முழுதும் தடையின்றிப் போனாலும் வேண்டாம். சிபிவிசிக்குச் சிபிவிசி என்று எழுதிய சால்வென்ட் மட்டும். கிரீஸ், எண்ணெய் கலந்த பூச்சு, மிருதுவான பிவிசி ஒயர் உறை ஆகியவை சிபிவிசியைத் தொட்டால் நாளடைவில் வெடிப்பு வரும். திருகுக்கு டெஃப்ளான் டேப் போதும்.

பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) லைனில் புதிதாகச் செம்புத் துண்டு சேர்த்தால்?

நேரடியாக இணைத்தால் துத்தநாகப் பூச்சு அரிக்கப்படும். நீரோட்டத்தில் செம்பு முன்னால், ஜிஐ பின்னால் என்று வந்தால் நிலைமை மோசம்: நீரில் கரைந்து வரும் செம்பு ஜிஐ சுவரில் படிந்து குழி பறிக்கும். மின்தடுப்பு யூனியன் (இரு உலோகமும் தொடாமல் பிரிக்கும் இணைப்பு) வைத்து, செம்பு பின்னால் வருமாறு அமையுங்கள்.

தட்டுப்பாட்டில் போலிச் சரக்கை எப்படி அடையாளம் காண்பது?

குழாயின்மேல் தரநிலை எண், அளவு, சுவர் வகுப்பு, தொகுதி எண், தயாரித்த தேதி அச்சாகியிருக்க வேண்டும். விரல் நகத்தால் கீறினால் அழியும் அச்சை நம்பாதீர்கள். அளவுமானியால் சுவரை அளங்கள். சிபிவிசியில் எஸ்டிஆர் 11 என்றால் வெளிவிட்டத்தை 11-ஆல் வகுத்தது சுவர்க் கனம். 22.2 மி.மீ. குழாய்க்கு 2 மி.மீ., 28.6-க்கு 2.6. ஒரு முனையில் சரியாக இருந்து மறுமுனையில் மெலிந்தும் வரும். இரண்டு முனையிலும் நான்கு நான்கு இடத்தில் பாருங்கள்.

கம்பியில் எடைதான் சோதனை. 12 மீட்டர் நீளமுள்ள 12 மி.மீ. கம்பி 10.66 கிலோ இருக்க வேண்டும். இந்த விட்டத்துக்கு 5 சதவீதம் வரை விலகல் பொதுவாக ஏற்கப்படும். பத்துக் கம்பியைச் சேர்த்து எடை போட்டு 101 கிலோவுக்குக் கீழே வந்தால் இறக்க வேண்டாம். எண்ணிக்கைக்கு விலை கொடுத்து வாங்குபவருக்கு இதில்தான் அதிக இழப்பு.

பித்தளை என்று விற்கும் வால்வில், குரோம் படாத உள்திருகை ஆணியால் கீறுங்கள். மஞ்சள் தெரிந்தால் பித்தளை. சாம்பல் வெள்ளை தெரிந்தால் துத்தநாகக் கலவை. காந்தம் இங்கே உதவாது: இரண்டுமே ஒட்டாது.

குழாய் வேலையின் செலவை வடிவமைப்பிலேயே குறைக்கலாமா?

குளியலறை, கழிப்பறை, சமையலறை ஆகியவை ஒரே சுவரைப் பகிர்ந்தாலோ ஒன்றன்மேல் ஒன்று அமைந்தாலோ குழாயும் ஃபிட்டிங்கும் கணிசமாகக் குறையும். வெந்நீர் ஓட்டம் குறுகுவது பெரிய லாபம்: 18 மி.மீ. உள்விட்டக் குழாயில் 10 மீட்டருக்கு இரண்டரை லிட்டர் நீர் நிற்கும், சூடு வருமுன் அவ்வளவும் சாக்கடைக்குப் போகும்.

வேலை முழுவதற்கும் இரண்டே குழாய் அளவு, முடிந்தவரை ஒரே வகை வால்வு என்று வையுங்கள். ஒன்பது வகை ஃபிட்டிங் இருந்தால் ஒன்பதில் ஒன்று கிடைக்காமல் போகும் வாய்ப்பும் அதற்கேற்ப ஏறும்.

ஷவர், டாய்லெட் சரக்கு தாமதமாகும் என்கிறார்கள். குழாயை முன்கூட்டியே இழுத்துவிடலாமா?

மாடல் முடிவாகி, அளவுத் தாள் கைக்கு வந்தபிறகு இழுங்கள். சுவரிலிருந்து டாய்லெட் போக்குத்துளை மையம் வரையான தூரம் மாடலுக்கு மாடல் மாறும். சுவருக்குள் புதையும் டைவர்ட்டர் உடலை மட்டும் தனியாக வாங்க முடியும் என்றால் உடனே வாங்கிப் பதித்துவிடுங்கள். மேல்தட்டும் கைப்பிடியும் பிறகு வரலாம். ஒரு நிறுவனத்தின் மேல்தட்டு மற்றொன்றின் உடலில் பொருந்தாது. பதிக்கும் ஆழத்தை டைல் முகத்திலிருந்து அளக்க வேண்டும், செங்கல்லிலிருந்து அல்ல.

வாடிக்கையாளரிடம் விலையேற்றத்தை எப்படி எழுதிக்கொள்வது?

கொட்டேஷனில் செல்லுபடிக் காலத்தை நாள் கணக்கில் போடுங்கள். நீண்ட வேலைக்கு விலைத் திருத்த விதி ஒன்று ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். ஃபிடிக் (பன்னாட்டு ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பு) ஒப்பந்தங்களில் உள்ள சூத்திரத்தின் எளிய வடிவம் சிறு வேலைக்கும் பொருந்தும்: மாறாத பங்கு ஒன்று, மற்றப் பங்குகள் ஒவ்வொன்றையும் புதிய குறியீட்டைப் பழையதால் வகுத்த எண்ணால் பெருக்கிக் கூட்டுவது.

மாறாத பங்கு 0.20, கூலி 0.30, சிமென்ட் 0.15, கம்பி 0.20, குழாய் 0.15 என்று வையுங்கள். கூலி 5, சிமென்ட் 10, கம்பி 20 சதவீதம் ஏறி, குழாய் மாறாமல் இருந்தால், 0.20 + 0.315 + 0.165 + 0.24 + 0.15 = 1.07. அந்தக் கட்டத்தில் செய்த வேலையின் தொகை 7 சதவீதம் கூடும். கம்பி 20 சதவீதம் ஏறியதைக் காட்டி மொத்தத்தையும் 20 ஏற்றுவது நியாயமல்ல. குறைந்தால் குறைப்பதும் அதே விதியில் இருக்க வேண்டும். ஒருபக்க விதியை வாடிக்கையாளர் மதிக்கமாட்டார்.

எந்த வெளியீட்டின் குறியீடு, எந்தத் தேதி அடிப்படை, எத்தனை சதவீதத்துக்குக் கீழே மாற்றம் இல்லை ஆகிய மூன்றையும் எழுதாமல் விட்டால் சூத்திரம் சண்டையைத்தான் வளர்க்கும்.

முழுத் தொகையும் அட்வான்ஸ் கொடுத்தால் விலையை நிறுத்திவைப்பதாகக் கடைக்காரர் சொல்கிறார்.

சரக்கு அவர் கிடங்கில் இருக்கிறதா என்று நேரில் பாருங்கள். இருந்தால் உங்கள் பெயரெழுதிப் பிரித்து வைத்து, அளவு, தொகுதி எண், ஒப்படைப்புத் தேதி போட்டு பில் வாங்குங்கள். இல்லாத சரக்குக்கு முழு அட்வான்ஸ் வேண்டாம். சிறு தொகை கொடுத்து, மீதியை ஒவ்வொரு லோடும் இறங்கியபின் தாருங்கள். ஒவ்வொரு முக்கியப் பொருளுக்கும் இரண்டாவது கடை ஒன்றோடு இப்போதே கொடுக்கல் வாங்கல் வைத்திருங்கள். தட்டுப்பாடு வந்தபிறகு போய் நின்றால் பழைய வாடிக்கையாளருக்குத்தான் முதல் சரக்கு.

பல வகைக் குழாயும் ஃபிட்டிங்கும் கலந்துவிட்டோம். டைல் போடுமுன் எப்படிச் சோதிப்பது?

கடைசி ஒட்டுக்குப்பின் 24 மணி நேரம் விடுங்கள். மேல்முனைகளைத் திறந்துவைத்து, கீழிருந்து மெதுவாக நீர் நிரப்பிக் காற்றை முழுதும் வெளியேற்றுங்கள். பிறகு கைப்பம்பால், வேலை அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றுங்கள். பிளாஸ்டிக் குழாய் சற்று விரிவதால் முதல் அரைமணியில் முள் இறங்கும், அது கசிவல்ல. மறுபடி ஏற்றி, பம்பு வால்வை மூடி இரண்டு மணி நேரம் பாருங்கள். அதன்பிறகும் இறங்கினால் வெவ்வேறு வகை சேரும் இணைப்புகளை முதலில் தொட்டுப் பாருங்கள், அடுத்து திருகு அடாப்டர்களை. வெறும் காற்றை அடைத்துச் சோதிப்பதைப் பிளாஸ்டிக் குழாயில் ஒருபோதும் செய்யக்கூடாது. இணைப்பு விட்டுப்போனால் துண்டுகள் வெடிகுண்டுபோலப் பறக்கும். ஷவர், ஹீட்டர் மாட்டுமுன் சோதனையை முடித்து, ஓட்டம் முழுவதையும் படம் எடுத்து, சுவரிலிருந்து அளவு குறித்து வையுங்கள். எந்த இடத்தில் எந்த வகை மாறியது என்று பிறகு பழுதுபார்ப்பவருக்குத் தெரிய வேண்டும்.